மூன்றாம் லைனின் இரண்டாவது சத்தம்

சீவரத்தினத்துக்குக் கடல் ஒத்துவரவில்லை. யாழ்ப்பாணத்துக் கொழும்புத்துறையில் கடலோடிக் குடும்பத்தில் பிறந்த ஒருவரைப் பற்றி இப்படிச் சொல்வது கொஞ்சம் வெட்கக்கேடுதான், ஆனால் உண்மை அதுதான். இளந்தாரி வயதில் தகப்பன் அவரை மூன்று தடவை வள்ளத்தில் ஏற்றினார். மூன்று தடவையும் காலையில் தின்றதை எல்லாம் மீனுக்குப் போட்டுவிட்டுச் சுருண்டு கிடந்து கரை சேர்ந்தார். "உவனைத் தரையிலை எங்கையாவது கட்டிப்போடுங்கோ" என்று தகப்பன் கைகழுவி விட்டார். என்ன நேரத்தில் அந்த வாய் திறந்ததோ, கட்டித்தான் போட்டார்கள்.

கட்டிப்போட்ட இடம் உரும்பிராய்த் தோட்டங்களுக்கு நடுவே, முள்ளுக்கம்பி வேலிக்குள் இருக்கும் ஒரு மின்சார சப்ஸ்டேசன். முப்பத்து மூவாயிரம் வோல்ற் உள்ளே வரும். பதினோராயிரமாய் இறங்கி மூன்று லைன்களில் வெளியே போகும். ஒவ்வொரு லைனுக்கும் பிரேக்கர் என்கிற ஒரு பெரிய சுவிட்ச். அதைத் திறந்தால் லைனில் கரண்ட் இல்லை, மூடினால் உண்டு. மூடுவதும் திறப்பதும், மீற்றர் பார்ப்பதும், எல்லாவற்றையும் புத்தகத்தில் எழுதுவதும் ஒப்பரேற்றரின் வேலை. சீவரத்தினம் போய்ச் சேர்ந்தபோது ஒப்பரேற்றர்மார் மூன்று பேர் இருந்தார்கள். ஒருவர் ஓய்வு பெற்றார். மற்றவர் லீவில் நோர்வேக்குப் போனார், லீவு இன்னும் முடியவில்லை. புதிதாய் ஒருவரையும் போடவில்லை. 2015இல் இருந்து சீவரத்தினம் தனி ஆள்.

தனி ஆள் என்றால், ஆள் வெளியே போக முடியாது. சப்ஸ்டேசனை ஒரு மணித்தியாலம்கூட ஆளில்லாமல் விடக்கூடாது என்பது சட்டம். வேலிக்குள்ளேயே ஒரு அறை, ஒரு அடுப்பு, ஒரு கட்டில். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் முருகேசு என்கிற இன்னொரு நிலையத்து ஒப்பரேற்றர் காலை ஏழு மணிக்கு வந்து பின்னேரம் ஐந்து மணி வரை இருப்பார். அந்தப் பத்து மணித்தியாலத்துக்குள் சீவரத்தினம் சைக்கிளில் கொழும்புத்துறைக்குப் போய், மனைவி செல்வநாயகியின் கையால் சாப்பிட்டு, ஒரு கண் அயர்ந்து, திரும்பிவிட வேண்டும். தகப்பன் செத்தபிறகு ஆடி அமாவாசைக்குக் கீரிமலைக்குப் போய் அவருக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க இந்த ஒன்பது வருடங்களில் இரண்டு தடவைதான் முடிந்தது. அமாவாசை ஞாயிற்றுக்கிழமை பார்த்து வந்த வருடங்கள் அவை. மற்ற வருடங்களில் ஆவி தன்னை மன்னிக்கட்டும் என்று மீற்றர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இதையெல்லாம் அவர் பகிடியாகவே சொல்லிக்கொண்டு திரிந்தார். பகிடி நின்றது போன வருடம் ஒரு புதன்கிழமை.

அன்று காலை செல்வநாயகி கிணற்றடியில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எழும்ப முடியவில்லை. பக்கத்து வீட்டுப் பாலேஸ்வரி வாளி கேட்டு வரும் வரைக்கும் இரண்டு மணித்தியாலம் அந்தச் சீமெந்துத் தரையில் கிடந்தாள். செய்தி போனில் வந்தபோது சீவரத்தினம் தலைமைக் கந்தோருக்குப் போன் எடுத்துக் கெஞ்சினார். முருகேசுவுக்குக் காய்ச்சல், வேறு ஆள் இல்லை என்றார்கள். எட்டுக் கிலோமீற்றர் தூரத்தில் ஆஸ்பத்திரியில் மனைவிக்குக் கை கட்டிக்கொண்டிருக்க, அவர் வேலிக்குள் நடந்துகொண்டே இருந்தார். கேற்றைத் திறந்து போட்டுவிட்டு ஓடிவிட்டால் என்ன என்று நினைத்தார். ஓடவில்லை. நான்காம் நாள் ஞாயிற்றுக்கிழமை போய், மாவுக்கட்டுப் போட்ட கையைத்தான் பார்த்தார். அவள் ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. அதுதான் அவருக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

அடுத்த நாளே முன்கூட்டி ஓய்வு கேட்டு எழுதினார். ஐம்பத்தைந்து வயது, இன்னும் ஐந்து வருடம் சேவை கிடந்தது. 'மாற்று ஆள் கிடைத்தபின் விடுவிக்கப்படுவீர்' என்று பதில் வந்தது. மாற்று ஆள் கிடைக்கவில்லை. ஆளுக்குப் பதிலாக ஒரு பெட்டி வந்தது.

யாழ்ப்பாணப் பட்டணத்துக் கட்டுப்பாட்டு அறையில் இருந்துகொண்டே இப்படியான பழைய நிலையங்களைப் பார்க்கவும் இயக்கவும் ஒரு திட்டம் தொடங்கியிருந்தது. எஞ்சினியர் கீர்த்திகா இரண்டு ஆட்களோடு வந்து ஒரு மாதம் வயர் இழுத்தாள். கெட்டிக்காரி. நிலத்தில் முழங்கால் குத்தி இருந்து தானே வயர் முறுக்குகிறவள். ஒவ்வொரு பிரேக்கரிலும் 'மூடி', 'திறந்து' என்று காட்டும் ஒரு தகடு உண்டு. அந்தத் தகட்டோடு சேர்ந்து அசையும் தொடுப்புகளில் இருந்து வயர் எடுத்து, பட்டணத்துத் திரையில் சிவப்பும் பச்சையுமாய் விளக்குக் காட்டினாள். மூடியிருந்தால் சிவப்பு, திறந்தால் பச்சை.

"அண்ணை, இந்தத் தகடுகள் எல்லாம் ஒழுங்காய் வேலை செய்யுதோ?" என்று ஒவ்வொன்றையும் காட்டிக் கேட்டாள்.

"ஓம் மிஸ், செய்யுது" என்றார்.

பொய் இல்லை. அவர் அறிய அது வேலை செய்துகொண்டுதான் இருந்தது. வேலை முடிந்ததும் பிரேக்கர்களின் பக்கப் பெட்டிகளை எல்லாம் மூடி ஈய முத்திரை குத்தினார்கள். அறுபது நாள் பரிசோதனை. அறுபது நாளும் பட்டணத்தில் இருந்தே எல்லாவற்றையும் இயக்குவார்கள், சீவரத்தினம் இருந்து பார்க்கலாம், கை வைக்கக் கூடாது. ஒரு தடவை கையால் இயக்கினாலும் எண்ணிக்கை முதலாம் நாளில் இருந்து தொடங்கும். பழுதில்லாமல் அறுபது நாள் போனால் அது ஆளில்லா நிலையம். அறுபத்தோராம் நாள் சீவரத்தினம் வீட்டுக்குப் போகலாம். விடுதலைக் கடிதம் அடித்து, திகதி மட்டும் போடாமல் வைத்திருப்பதாய்க் கீர்த்திகாவே சொன்னாள்.

செல்வநாயகி கலண்டரில் ஒன்றும் கீறவில்லை, அவள் அப்படியான ஆள் இல்லை. ஆனால் முன்வாசலில் அவர் செருப்பு வைக்கிற இடத்தில் கிடந்த பழைய வலைக் குவியலைத் தூக்கிப் பின்னுக்குக் கொண்டுபோய்ப் போட்டாள்.

செருப்பைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். லைனில் ஏற வருகிற லைன்காரர்கள் சப்ஸ்டேசன் வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டுச் சப்பாத்துப் போட்டுக்கொண்டு போவார்கள். இறங்கி வந்து திரும்பவும் செருப்பை மாட்டுவார்கள். வாசலில் ஒரு சோடி செருப்புக் கிடந்தால் ஒரு மனுசன் இன்னும் கம்பத்தில் நிற்கிறான் என்று அர்த்தம். யார் போனில் என்ன சொன்னாலும், எந்தப் பெரியவர் சத்தம் போட்டாலும், அந்தச் செருப்பு அதன் சொந்தக்காரனுடைய காலில் ஏறும் வரைக்கும் சீவரத்தினம் லைனை மூட மாட்டார். சட்டப் புத்தகத்தில் இது இல்லை. ஆனால் அவருடைய காலத்தில் அந்த மூன்று லைனிலும் ஒருவருக்கும் ஒன்றும் நடக்கவில்லை.

ஐம்பத்திரண்டாம் நாள், வியாழக்கிழமை. கார்த்திகை மழை இரண்டு நாளாய் விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது. மூன்றாம் லைனில் எங்கேயோ பூவரசங் கொப்பு முறிந்து விழுந்து கிடந்தது. வெட்ட வந்தவன் ஜெரிசன். நாற்பது வயது, இரண்டு பிள்ளைகளின் தகப்பன், கம்பத்தில் ஏறினாலும் வாய் ஓயாதவன். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வேலிக்கு வெளியே இருக்கும் முதலாம் கம்பத்தடிக்குப் போனான். வேலை தொடங்குமுன் அந்தக் கம்பத்தில் இருக்கும் கத்திச் சுவிட்சை நீளத் தடியால் இழுத்து விடவேண்டும். அதற்கு முன்னம் பிரேக்கர் திறந்திருக்க வேண்டும். கரண்ட் ஓடும்போது கத்தியை இழுத்தால் நெருப்பு முகத்தில் பாயும்.

ஜெரிசன் பட்டணத்துக்குப் போன் எடுத்தான். பட்டணத்தில் பட்டனை அமத்தினார்கள். உள்ளே மூன்றாம் பிரேக்கரில் 'டக்' என்றது. தகடு 'திறந்து' என்று விழுந்தது. திரையில் பச்சை.

சீவரத்தினம் கதிரையில் இருந்தபடி அடுத்த சத்தத்துக்குக் காத்திருந்தார். பிரேக்கர் திறப்பதற்கு இரண்டு சத்தம் உண்டு. முதலில் கொக்கி கழரும் 'டக்'. பிறகு உள்ளே கனத்த இரும்பு விலகும் 'தொம்'. தொம் வரவில்லை.

யன்னலுக்கால் பார்த்தார். ஜெரிசன் போனைச் சட்டைப்பைக்குள் வைத்துவிட்டுத் தடியைத் தூக்கிக்கொண்டிருந்தான்.

சீவரத்தினம் ஒன்றும் யோசிக்கவில்லை. கதிரை ஒரு பக்கம் சரிய எழுந்து பாய்ந்து, உள்ளங்கையால் பிரேக்கரின் கைப்பிடியை ஓங்கித் தள்ளினார். தொம். மீற்றர் ஊசி மெல்லிய அசைவோடு அடியில் போய்ப் படுத்தது. வெளியே ஜெரிசன் தடியை இழுத்தான். ஒரு பொறிகூட இல்லை. யன்னலில் அவரைக் கண்டு கையைக் காட்டிவிட்டுக் கொப்பு வெட்டப் போனான்.

சீவரத்தினம் பிரேக்கரை விட்டுத் திரும்பி வந்தார். கதிரையை நிமிர்த்தி வைத்து அதில் இருந்தார். பதினேழு வருடத்துக்கு முந்திய ஒரு சங்கதி அவருக்கு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

2007. சண்டையால் யாழ்ப்பாணத்துக்கான தரைப்பாதை பூட்டிக் கிடந்த காலம். மெழுகுதிரிக்கே ஆலாய்ப் பறந்த ஊரில் பிரேக்கர் சாமானுக்கு எங்கே போவது? மூன்றாம் பிரேக்கரில் தகட்டையும் உள் அச்சையும் இணைக்கிற கம்பி முறிந்துபோனது. அச்சில் அது மாட்டுகிற துளையும் உடைந்துவிட்டது. சீவரத்தினம் தன் சைக்கிள் சில்லில் இருந்து ஒரு கம்பியைக் கழற்றி, வளைத்து, தகட்டை அச்சோடு கட்ட முடியாமல் பக்கத்தில் இருந்த கொக்கியோடு கட்டிவிட்டார். கொக்கி கழன்றால் தகடு விழும். அன்றில் இருந்து அந்தத் தகடு காட்டியது திறக்கச் சொன்னதைத்தான், திறந்ததை அல்ல. புத்தகத்தில் சிவப்பு மையால் 'தற்காலிகம்' என்று எழுதினார். பிறகு தகட்டைப் பார்ப்பதையே விட்டுவிட்டார். சத்தத்தைக் கேட்பார், ஊசியைப் பார்ப்பார். ஈரக் காலத்தில் இரண்டாவது சத்தம் பிந்தினால் கைப்பிடியில் ஒரு தள்ளு. அவ்வளவு பழக்கமாகிப் போனதால் தகடு பொய் சொல்கிறது என்பதையே மறந்துவிட்டார். கீர்த்திகா கேட்டபோது "செய்யுது" என்றார். வேலை செய்தது தகடு இல்லை, தன்னுடைய காது என்பது அவருக்கு உறைக்கவில்லை.

அந்தப் பொய்த் தகட்டில் இருந்துதான் பட்டணத்துக்கு வயர் போயிருந்தது. கரண்ட் அளவாவது காட்டிக்கொடுத்திருக்கலாம். மழைக்காலத்தில் தோட்டங்களில் மோட்டர் ஓடாது, மூன்றாம் லைனில் ஓடுவது கொஞ்சம்தான். அவ்வளவு சிறியதைத் திரை பூச்சியம் என்றே எடுத்துக்கொள்ளும்.

ஆகையால் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. பட்டணத்துக்கு அந்த 'டக்'கில் இருந்தே பச்சைதான். ஜெரிசனுக்கும் தெரியாது. கையால் இயக்கியதைச் சிவப்பு மையால் எழுத வேண்டும். சீவரத்தினம் புத்தகத்தைத் திறந்தார், பேனையை எடுத்தார், மூடி வைத்தார். முப்பது வருடத்தில் அவர் எழுதாமல் விட்ட முதல் வரி அது. இன்னும் எட்டு நாள்தானே என்று தனக்குத் தானே சொன்னார்.

யோசிக்காத வழி இல்லை. களவாய்த் திருத்தலாம் என்றால் பெட்டிக்கு முத்திரை. முத்திரையை உடைத்தாலும் அச்சில் துளை இல்லை, அந்தக் கம்பனி சாமான் செய்வதை நிறுத்தி எத்தனையோ காலம். ஜெரிசனிடம் காதோடு காதாய்ச் சொல்லலாம், ஆனால் மூன்றாம் லைனுக்கு லைன்காரரின் எட்டுக் குழுவில் எவனும் வருவான். பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதலாம். அவருடைய கோழிக்கிறுக்கலைக் கந்தோர் முழுக்க அறியும். எந்தப் பக்கம் திரும்பினாலும் வேலிதான்.

ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்குப் போனார். செல்வநாயகி இறால் குழம்பு வைத்திருந்தாள். முறிந்த கை முழுதாய் மடங்காது, தேங்காயை இடக்கையால் துருவப் பழகியிருந்தாள்.

"வாற செவ்வாய்க்கிழமைக்கு அடுத்த செவ்வாய் நீங்கள் வீட்டிலை நிப்பியள், என்ன?" என்றாள்.

"ஓம் போலை."

"செவ்வாய்க்கிழமையிலை உங்களை வீட்டிலை கண்டால் சனம் பயந்துபோகும்."

அவர் சிரித்தார். சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். சொல்லிவிடலாம் என்று வாய் வரைக்கும் வந்தது, சொல்லவில்லை. சொன்னால் அவள் 'கிடக்கட்டும், விடுங்கோ' என்று சொல்லிவிடுவாளோ என்று பயந்தார். சொல்லமாட்டாளோ என்றும் பயந்தார்.

திங்கட்கிழமை ஜெரிசன் இரண்டாம் லைன் வேலைக்கு வந்தான். வழமைபோல வாசலில் செருப்பைக் கழற்றி, குதி சுவரைப் பார்க்க ஒழுங்காய் வைத்தான்.

"அடுத்த கிழமை மூண்டாம் லைன் முழுக்க எங்கடை கையிலைதான் அண்ணை. நீங்கள் இருக்கமாட்டியள். வீட்டிலை காலை நீட்டிக்கொண்டு கிடப்பியள்" என்றான்.

"நான் இல்லாட்டில் பிறகேன் இந்தச் செருப்பை இஞ்சை வைக்கிறாய்? ஆர் பாக்கப்போறது?"

"நாய் பாக்கும்" என்று சிரித்தான். பிறகு சப்பாத்துக் கயிற்றை இறுக்கிக்கொண்டே, "பழகிப்போச்சு அண்ணை. கழட்டி வைச்சால்தான் ஏற மனம் வருது" என்றான்.

அவன் போன பிறகு சீவரத்தினம் அந்தச் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். இடது செருப்பின் வார் அறுந்து, செப்புக் கம்பியால் கட்டியிருந்தது. சனியன் பிடித்தவன், இதை ஏன் இன்றைக்குச் சொன்னான் என்று கோபம் கோபமாய் வந்தது. அழுகையும் வந்தது. முகத்தைக் கழுவிவிட்டுக் கீர்த்திகாவுக்குப் போன் எடுத்து, வியாழக்கிழமை நடந்ததைச் சொன்னார்.

அவள் பின்னேரமே வந்தாள். முத்திரையை வெட்டி, ரோச் லைற்றை அடித்து, குனிந்து பார்த்தாள்.

"உது என்ன அண்ணை, சைக்கிள் கம்பியோ?"

"ஓம் மிஸ். என்ரை சைக்கிள்."

"நான் கேக்கேக்குள்ளை ஏன் சொல்லேல்லை?"

"மறந்துபோனன் மிஸ். சத்தியமாய்."

"வியாழக்கிழமை தட்டினது மறக்கேல்லைத்தானே. அதை ஏன் எழுதேல்லை?"

சீவரத்தினம் நிலத்தைப் பார்த்தார். "வீட்டை போகவேணும் மிஸ்" என்றார்.

கீர்த்திகா ரோச்சை அணைத்தாள். அவளுக்கும் அது சொந்தப் பிழை மாதிரித்தான், தகட்டை நம்பி வயர் எடுத்தவள் அவள். பிறகு நடக்கப்போவதைச் சொன்னாள். கம்பியை மாற்றிப் பயனில்லை, பிரேக்கரையே மாற்ற வேண்டும், அது அடுத்த திட்டத்தில்தான் வரும். அதுவரை மற்ற இரண்டு லைனும் பட்டணத்தில் இருந்து ஓடலாம், மூன்றாவதுக்கு ஆள் வேண்டும்.

"என்னை விடமாட்டியள்."

"விடேலாது அண்ணை. உந்தச் சத்தம் வேறை ஆருக்கும் விளங்காது. தற்காலிகமாய்த்தான்."

அந்த வாரமே முருகேசுவை அரை நாள் அவருடைய இடத்தில் இருத்திவிட்டு, அவரைப் பட்டணத்துக்குக் கூப்பிட்டு ஒரு அறிக்கையில் கையெழுத்து வாங்கினார்கள். கட்டுப்பாட்டு அறையை அவர் கண்டது அன்றுதான். சுவர் அளவு திரை. அதில் அவருடைய சப்ஸ்டேசன் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்கியிருந்தது, மூன்று கோடு, மூன்று சதுரம். முதல் இரண்டு சதுரத்திலும் சிவப்பு விளக்கு. மூன்றாவதில் விளக்கை எடுத்துவிட்டு ஒரு வரி போட்டிருந்தார்கள்: 'சீவரத்தினத்தைக் கேட்டபின் — தற்காலிகம்.' முன்னுக்கு இருந்த பெடியள், "அண்ணை, நீங்களும் இப்ப சிஸ்டத்திலை வந்திட்டியள்" என்று கைகுலுக்கினார்கள். அவரும் கை கொடுத்தார். கம்பி இருந்த இடத்தில் தன்னைக் கட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை செல்வநாயகியிடம் எல்லாவற்றையும் சொன்னார். வியாழக்கிழமையையும் ஒளிக்கவில்லை. அவள் மீன் வெட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டாள்.

"அந்த ஜெரிசனுக்குப் பிள்ளையள் இருக்கோ?"

"இரண்டு."

"அப்ப சொல்லத்தான் வேணும்" என்றாள். பிறகு மிச்ச மீனையும் வெட்டி முடித்தாள். புறங்கையால் கண்ணைத் துடைத்தாள், மீன் தெறித்ததோ வேறு எதுவோ என்று அவர் கேட்கவில்லை.

நாலரை மணிக்கு அவர் சேட்டைப் போட்டுக்கொண்டு வெளியே வந்தார். செல்வநாயகி வாசலில் நின்றாள்.

"தற்காலிகம் எண்டால் எவ்வளவு காலம்?"

"சொல்லேல்லை."

"நீங்கள் கட்டின அந்தக் கம்பி எவ்வளவு காலம் கிடந்தது?"

அவர் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். "பதினேழு வருசம்" என்றார்.

அவள் வாசற்படி இறங்கி வந்தாள். குனிந்து, மடங்காத கையால் அவருடைய செருப்பை எடுத்துத் தெருப்பக்கமாய்த் திருப்பி வைத்தாள். ஐந்து மணிக்கு முருகேசு போகவேண்டும்.